ஓசியில் வேலை பார்க்கும் தேனீக்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூர்னு சொன்னதும் உங்க வாயில் என்ன ஊறும்? பால்கோவா. ராஜபாளையம்னு சொன்னா? வெள்ளை வெளேர்னு ஒரு நாய் மனசுக்குள்ள ஓடி வரும். ரெண்டு ஊருக்கும் நடுவில் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் ஏறி, பக்கத்து சீட்காரரிடம் 'எந்த ஊரு?'ன்னு விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஊர் வந்துடும். ஆண்டாள் கோயில் கோபுரம், பஞ்சு மில், பேண்டேஜ் துணி, மாம்பழம்னு இந்த ரெண்டு ஊரின் பெருமையைப் பேச லிஸ்ட் நிறைய இருக்கு ஃப்ரெண்ட்ஸ். அதில் யாருமே சேர்க்காத ஒரு அயிட்டத்தைப் பார்க்கத்தான் இந்த வாரம் உங்களைக் கூட்டிட்டுப் போறேன். பூச்சி!

'சனிக்கிழமை லீவில் பூச்சி பார்க்கப் போகணுமா?'ன்னு முகத்தைச் சுளிக்காதீங்க. ஜனவரி கடைசியில் இந்தப் பக்கம் வந்து, மேற்கே மலையைப் பார்த்துட்டு மாந்தோப்புக்குள்ள அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க. 'கும்'முனு ஒரு சத்தம் கேட்கும். மே மாசம் நீங்க சப்புக் கொட்டிச் சாப்பிடப் போற மாம்பழம் தயாராகுற சத்தம் அது. அந்த ஃபேக்டரியில் சம்பளம் கிடையாது, ஷிஃப்ட் கிடையாது, ஸ்ட்ரைக்கும் கிடையாது. அதனாலேயே இப்படி ஒரு ஃபேக்டரி ஓடுறது நமக்குத் தெரியிறதில்ல.

தேனீக்கு வாடகை!

தோப்புக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு குட்டி ஃபாரின் டூர். சூப்பர் மார்க்கெட்டில் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் புளூபெர்ரி பார்த்திருப்பீங்க. நாவல்பழத்தோட ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். விலையைப் பார்த்துட்டு டப்பாவை மறுபடியும் அதே இடத்தில் வெச்சிருப்பீங்க. அந்த விலைக்குள்ள தேனீயோட வாடகையும் அடக்கம்!

அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய புளூபெர்ரி பண்ணைகளில், பூக்கும் பருவத்தில் லாரி லாரியாகத் தேனீப் பெட்டிகள் வந்து இறங்கும். ஏக்கருக்கு இத்தனை பெட்டின்னு பேசி, சில வாரத்துக்கு வாடகைக்கு எடுப்பாங்க. எப்போ இறக்கணும்ங்கிறதுக்கும் ஒரு கணக்கு உண்டு. பூவே விரியாதப்ப இறக்கினா, தேனீக்கள் அக்கம்பக்கத்தில் வேற பூவைத் தேடிப் பிடிச்சு அங்கேயே பழகிடும். லேட்டா இறக்கினா முதல்ல விரிஞ்ச பூவெல்லாம் வீண். அதனால பூ அஞ்சு சதவீதம் விரிஞ்சதும் இறக்கு, கால்வாசி விரியிறதுக்குள்ள இறக்கி முடின்னு அங்கே அட்வைஸ் கொடுக்கிறாங்க. பெட்டி இருக்கிற நாட்களில் பூச்சி மருந்து விஷயத்திலும் உஷார்!

இதுக்கெல்லாம் பெரியண்ணன் கலிஃபோர்னியா பாதாம் தோட்டம். வருஷா வருஷம் பிப்ரவரியில், அமெரிக்காவில் வளர்க்கப்படும் தேனீக் கூட்டங்களில் மூணில் ரெண்டு பங்குக்கு மேல் அங்கே போய்ச் சேரும். ஒரு பெட்டிக்கு வாடகை 200 டாலர் அளவுக்குப் போகுது. தேன் விற்கிறதைவிடத் தேனீயை வாடகைக்கு விடுறதில் அதிகம் சம்பாதிக்கிறவங்களும் உண்டு. 2006-07 குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாகத் தேனீக்கள் திடீர்னு காணாமப் போனப்ப அமெரிக்கப் பத்திரிகைகள் அலறினது இதனாலதான். அங்கே அது பண விவகாரம்.

நம்ம ராஜபாளையம் மாந்தோப்புக்கு யாரும் பெட்டி வாடகை கொடுக்கிறதில்ல. மேற்குத் தொடர்ச்சி மலை தன் செலவிலேயே ஆளை அனுப்பி வைக்குது.

ஆவாரம்பூவும் இசைக்கவையும்

வாங்க, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே செண்பகத்தோப்பு ரோட்டில் போவோம். ஊரைத் தாண்டினதும் வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு, அப்புறம் சுவர் மாதிரி மலை. வழியில் தரிசு நிலத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருக்கே, அதுதான் ஆவாரம்பூ. பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிப்போமே, அதே பூ. வண்டியை ஓரங்கட்டுங்க.

கரு கருன்னு கட்டை விரல் தடிமனில் ஒரு வண்டு வந்து உட்காரும். ஊரில் கருவண்டுன்னு சொல்லுவாங்க. காய்ஞ்ச மரத்தில் ஓட்டை போட்டு வீடு கட்டுறதால இதுக்குத் தச்சுத் தேனீன்னும் பேர் உண்டு. பறந்து வரும்போது ஒரு சத்தம், பூவைப் பிடிச்சுட்டு உட்கார்ந்ததும் வேற சத்தம். 'ஸ்ஸ்ர்ர்...'னு ஷார்ப்பா ஒரு நொடி வந்து நிற்கும். உற்றுப் பாருங்க, சத்தம் வரும், ஆனா இறக்கை அடிக்காது. பைக்கை நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்குவோமே, அதே டெக்னிக்! பறக்கிறதுக்கான தசைகளை மட்டும் அதிர வைக்குது, இறக்கையோட கனெக்‌ஷனைக் கட் பண்ணிடுது.

எதுக்கு இந்த அலப்பறை? பெரும்பாலான பூக்களில் மகரந்தப் பை நெடுக்காகப் பிளந்து மகரந்தம் வெளியே தெரியும். ஆவாரம்பூவில் அப்படியில்ல. உப்பு டப்பா மாதிரி நுனியில் மட்டும் ஓட்டை. உலுக்கினாத்தான் கொட்டும். நொடிக்குச் சில நூறு தடவை அதிர்ற அந்த ரீங்காரம்தான் உலுக்கல்.

பிளஸ் டூ ஃபிசிக்ஸ் லேபில் இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டிக் காதில் வெச்சு விளையாடி, சாரிடம் திட்டு வாங்கியிருப்பீங்களே? வண்டின் ரீங்காரமும் கிட்டத்தட்ட அதே ரேஞ்சில், 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை வரும். அதிர்ற இசைக்கவையைத் தக்காளிப் பூவில் மெல்லத் தொட்டா மகரந்தம் பொடியாக உதிரும். தக்காளி, கத்தரிக்காய் எல்லாமே இந்த உப்பு டப்பா கோஷ்டிதான்.

நம்ம புளூபெர்ரியும் இதே கோஷ்டிதான்! தலைகீழாகத் தொங்கும் குட்டி மணி மாதிரிப் பூ, உள்ளே நுனியில் ஓட்டை போட்ட மகரந்தப் பை. லாரியில் வர்ற தேனீக்கு இந்த உலுக்கல் வித்தை தெரியாது. ஒரு பூவில் அதால முடியிற வேலை குறைச்சல்தான். பெட்டி பெட்டியாக ஆளை இறக்கி எண்ணிக்கையில் சமாளிக்கிறாங்க. வித்தை தெரிஞ்ச ஆள் பம்பிள்பீ எனும் குண்டுத் தேனீ. ஐரோப்பாவில் கண்ணாடிக் கூடாரத்தில் தக்காளி போட்டவங்க, கரண்டில் ஓடும் அதிர்வுக் கருவியை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பூங்கொத்தையும் கையால உலுக்கிட்டு இருந்தாங்க. 1980-களின் கடைசியில் பெல்ஜியத்தில் குண்டுத் தேனீயை அட்டைப் பெட்டியில் வளர்த்து விற்க ஆரம்பிச்சதும் அந்த வேலை ஒழிஞ்சது. இந்தியாவில் குண்டுத் தேனீ இமயமலைப் பக்கம்தான், தமிழ்நாட்டில் கிடையாது. இங்கே அந்தப் போஸ்ட்டில் இருக்கிறவங்க நம்ம கருவண்டும், வயிற்றில் நீல வரி போட்ட ஒரு சின்ன தேனீயும்தான். மண்ணில் வளை தோண்டியும் பட்டுப்போன மரத்தில் ஓட்டை போட்டும் குடித்தனம் பண்ற தனிக்கட்டைகள். இவங்களைப் பெட்டியில் அடைச்சு வாடகைக்கு விட முடியாது. வரப்பைச் சுத்தமா மழிச்சு, பட்ட மரத்தை வெட்டி அடுப்பில் வெச்சுட்டா ஆள் காலி.

மலை அனுப்பும் ரெண்டு விருந்தாளிகள்

ரோடு முடிஞ்சு காடு ஆரம்பிக்கிற இடம் செண்பகத்தோப்பு. காட்டழகர் கோயிலுக்குப் போறவங்களுக்கு இந்த வழி நல்லாத் தெரியும். இது 1988-ல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில்கள் சரணாலயம். 2021-ல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஆச்சு. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, தமிழ்நாட்டின் அஞ்சாவது புலிகள் காப்பகம்.

இந்த மலையில் தேனீக்கள் தினுசு தினுசா உண்டு. பாறைச் சரிவிலும் உசரமான மரத்திலும் வண்டிச் சக்கரம் மாதிரி ஒற்றை அடை கட்டுறது மலைத்தேனீ. கோபக்காரன். மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டுறது இந்தியத் தேனீ. பெட்டியில் வளர்க்க ஒத்துக்கிற சாது. புதர்க் குச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு அடை வைக்கிறது கொம்புத் தேனீ. சுவர் இடுக்கில் மெழுகுக் குழாய் வாசல் வெச்சுக் குடியிருக்கிறது கொசுத் தேனீ. இதுக்குக் கொட்டவே தெரியாது. மலையடிவாரத்தில் வாழும் பளியர் மக்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் அத்துப்படி. எந்தப் பூ பூத்தா எந்தத் தேன், எந்தப் பாறைக்கு எப்போ ஏறணும்கிறதுதான் அவங்க சிலபஸ்.

இங்கே தோப்பு வெச்சிருக்கிறவங்ககிட்ட காட்டைப் பத்திக் கேட்டா முதல்ல வர்ற வார்த்தை, தேனீ இல்ல. யானை! தென்னையைச் சாய்ச்சது, மாங்கிளையை முறிச்சது, காட்டுப்பன்றி தோண்டினதுன்னு வரிசையா சொல்லுவாங்க. அதில் பொய்யே கிடையாது. விடிய விடியக் காவல் காத்தவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

ஆனா கணக்கு நோட்டில் ஒரு பக்கம் மட்டும்தான் எழுதப்படுது. யானை சாய்ச்ச தென்னையை எண்ணலாம், நஷ்டஈடு கேட்டு மனு போடலாம். அதே மலையிலிருந்து இறங்கி வந்து ஒவ்வொரு பூவாகத் தொட்டுட்டுப் போன பூச்சியை எந்த ரெஜிஸ்தரில் எழுதுறது? அந்தப் பக்கம் காலியாகவே இருக்கிறதால, காடுன்னாலே செலவு மட்டும்தான்னு ஆயிடுது.

மாம்பூவுக்குப் பிடிச்ச ஆள்

இப்போ ராஜபாளையம். ஊருக்கு மேற்கே அய்யனார் கோயில் போற ரோட்டில் ரெண்டு பக்கமும் மாந்தோப்பும் தென்னந்தோப்பும்தான். சப்பட்டை, பஞ்சவர்ணம்னு இந்த ஊர் மாம்பழத்துக்கே தனி ரசிகர் மன்றம் இருக்கு.

மாம்பூவைக் கிட்டக்கப் பார்த்திருக்கீங்களா? ஒரே கொத்தில் ஆயிரக்கணக்கில் குட்டிப் பூ. நிறைய ஆண் பூ, கொஞ்சம்தான் காய்க்கக்கூடிய இருபால் பூ. ஆயிரத்தில் ஒண்ணு ரெண்டு பழமானாலே பெரிய விஷயம். சத்தம்போட்டு வர்ற தேனீயைவிட இந்தப் பூவுக்குப் பிடிச்ச ஆள் யார் தெரியுமா? ஈ! ஆமாங்க, நாம விரட்டி விரட்டி அடிக்கிற அதே ஈதான். பல வகை ஈக்களும், கூடவே கொசுத் தேனீயும்தான் மாந்தோப்பின் முக்கிய வேலையாட்கள். வட ஆஸ்திரேலியாவிலும் தைவானிலும் மா விவசாயிகள் பூக்கிற சமயத்தில் அழுகின இறைச்சியையும் மீனையும் தோப்பில் வைப்பாங்க. நாத்தத்துக்கு ஈ வரும், வந்த ஈ அப்படியே பூவுக்கும் போகும். உவ்வேன்னு இருந்தாலும் அதுவும் மேனேஜ்மென்ட்தான்!

தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்கா பக்கத்து மாந்தோப்புகளில் ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தாங்க. காட்டை விட்டுத் தோப்பு தள்ளிப் போகப் போகப் பூச்சி வரத்தும் குறைஞ்சது, காய்ப்பும் குறைஞ்சது. தோப்புக்கு நடுவில் அந்த ஊர் காட்டுப் பூச்செடிகளைச் சின்னச் சின்னப் பாத்தியாக வெச்சப்ப, அந்த இழப்பு ஓரளவு சரியாச்சு. 2012-ல் வெளியான முடிவு இது. அய்யனார் கோயில் ரோட்டில் நின்னு மலையைப் பார்த்தா இந்த ஆராய்ச்சி சட்டுனு புரியும். பக்கத்தில் ஒரு காடு இருக்கிறது இந்தத் தோப்புகளுக்கு எவ்வளவு பெரிய சொத்து!

அப்போ சிக்கல் எங்கே? மருந்தில். மாம்பூவை அழிக்கிற தத்துப்பூச்சின்னு ஒண்ணு இருக்கு. பூங்கொத்துச் சாற்றை உறிஞ்சி, பிசுபிசுன்னு கழிவு விட்டு, அது மேல கரும்பூசணம் படர்ந்து மொத்தப் பூவும் கருகிடும். அதுக்கு மருந்து அடிச்சே ஆகணும். ஆனா பூ முழுசா விரிஞ்ச நேரத்தில், பட்டப்பகலில் அடிச்சா அதே மருந்தில் ஈயும் தேனீயும் சேர்ந்தே காலி.

தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு அண்ணாச்சியிடம் இதைக் கேட்டேன். சிரிச்சார். "தம்பி, தேனீ பாவம்தான். தத்துப்பூச்சி ஒரு வாரத்துல பூவைக் கருக்கிப்புட்டா குத்தகைப் பணத்த தேனீயா வந்து கட்டும்? ஒரு வருசக் குத்தகை. அடுத்த வருசம் இந்தத் தோப்பு யாரு கையிலயோ."

பதில் சொல்ல முடியலை. மருந்து இன்னிக்கே காப்பாத்தும். தேனீ வருஷா வருஷம் காப்பாத்தும். வருஷா வருஷம் அந்தத் தோப்பில் இருக்கப் போறவருக்குத்தான் ரெண்டாவது கணக்கு ஒட்டும். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. குத்தகைப் பத்திரத்தில் தேனீக்கும் ஒரு வரி எழுதணும்.

ஓசி தீர்ந்து போனா?

'மலை இருக்கிற வரைக்கும் பூச்சி வரும், விடுப்பா'ன்னு சொல்றீங்களா? தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தைக் கொஞ்சம் பாருங்க. 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. மூலமாக அங்கே தேனீ வளர்ப்பைப் பரப்பினார். அதுக்கும் முன்னாடி, 1911 வாக்கில் திருச்சிப் பக்கம் நியூட்டன்னு ஒரு பாதிரியார் இந்தியத் தேனீக்குத் தோதான சின்ன மரப்பெட்டியை வடிவமைச்சார். ஆப்பிள் விழுந்த நியூட்டன் இல்ல, இவர் வேற! இன்னிக்கும் அதுக்கு நியூட்டன் பெட்டின்னுதான் பேர். வீட்டுக்கு வீடு பெட்டி, ரப்பர் தோட்டத்தில் புதுத் தளிர் விடும்போது கொட்டோ கொட்டுன்னு தேன்.

1991-92-ல் வந்தது ஒரு வைரஸ். தாய் சாக்புரூட்னு பேர். புழுப் பருவத்திலேயே தேனீயைப் பை மாதிரி ஊத வெச்சுக் கொல்லும். கேரளாவிலும் தென் தமிழ்நாட்டிலும் வளர்ப்பு இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதி அழிஞ்சே போச்சு. பெட்டியை அடுக்கி வெச்சுட்டு வேற வேலைக்குப் போனவங்க எத்தனையோ பேர். நோயைத் தாங்கின கூட்டங்களிலிருந்து மெல்ல மெல்லத்தான் மறுபடி எழுந்தாங்க.

இன்னொரு ஊர், சீனாவின் சிச்சுவானில் ஹன்யுவான். பேரிக்காய்த் தோட்டங்களில் 1980-களிலிருந்து மனுஷங்களே மரத்தில் ஏறி, குச்சி நுனியில் இறகைக் கட்டிப் பூப்பூவாக மகரந்தம் தடவுறாங்க. அதிகமா மருந்து அடிச்சதும், தேனீ வளர்க்கிறவங்க அந்தப் பக்கம் பெட்டி கொண்டுவரத் தயங்கினதும் அதுக்கு ஒரு காரணம். ஒரு பழத்துக்கு ஒரு தொடல், அதுவும் கூலிக்கு! ஆயிரம் பூவுள்ள மாங்கொத்தை அப்படித் தொட ஆள் பிடிக்கணும்னா ஒரு சப்பட்டை என்ன விலை விற்கும்? நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

அப்போ நாம என்ன பண்ணலாம்?

புளூபெர்ரிக்காரங்ககிட்ட கத்துக்க வேண்டியது லாரி வாடகையை இல்ல, அவங்க காட்டுற அக்கறையை. பூ எப்போ விரியுது, பூச்சி எப்போ வருது, மருந்து எப்போ அடிக்கலாம்னு தேதி வாரியா எழுதி வைக்கிறாங்க. இங்கே செய்யறதுக்குச் செலவே இல்லாத வேலைகள் இருக்கு. தத்துப்பூச்சி மருந்தைப் பூ விரியறதுக்கு முன்னாடியே அடிச்சிடலாம். அப்புறமும் தேவைப்பட்டா பூச்சிகள் அடங்கின பிறகு சாயங்காலம் அடிக்கலாம். வரப்பில் ஆவாரம், துளசி, தும்பையை விட்டு வைக்கலாம். தென்னை மாசா மாசம் பாளை விடுறதால, தோப்புக்குள்ள நாலு பெட்டி வெச்சா தேனீக்கு வருஷம் பூரா சாப்பாடு. யானைத் தொல்லைக்கே தேனீப் பெட்டியை வேலி மாதிரி வைக்கிற முயற்சியும் நடந்திருக்கு. கென்யாவில் ஆரம்பிச்ச அந்த ஐடியாவை 2021-ல் கர்நாடகாவின் குடகில் காதி கமிஷன் சோதனை பண்ணிப் பார்த்தது. மலை அனுப்பும் ஒரு விருந்தாளியை வெச்சு இன்னொரு விருந்தாளியை வாசலில் நிறுத்துற பிளான்!

நமக்கும் ஒரு ஹோம்வொர்க். உங்க காலேஜ் காம்பஸில் பூத்திருக்கிற ஏதாவது ஒரு செடி முன்னாடி பத்து நிமிஷம் நில்லுங்க. என்னென்ன பூச்சி, எத்தனை தடவை வந்துச்சுன்னு நோட்டில் குறிங்க. அடுத்த வாரம் அதே நேரம், அதே செடி. நாலு வருஷம், நாலு பேட்ச் இதைப் பண்ணினா அந்தக் காலிப் பக்கம் நிரம்ப ஆரம்பிக்கும். அசைன்மென்ட் காப்பி அடிக்கிறதைவிட ஈஸி!

கிளம்புறீங்களா?

எப்போ: மாம்பூ, பூச்சிச் சத்தம் வேணும்னா ஜனவரி, பிப்ரவரி. பழம்தான் வேணும்னா ஏப்ரல் முதல் ஜூன் வரை.

எப்படி: மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் ரெண்டு மணி நேரம். சென்னைப் பசங்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ். ரெண்டு ஊரிலும் நிற்கும்.

எங்கே: செண்பகத்தோப்பில் காட்டுக்குள்ள போக வனத்துறை அனுமதி கட்டாயம். அடிவாரத் தோப்புகளிலும் ஓனர்கிட்ட கேட்டுட்டுத்தான் உள்ளே நுழையணும்.

எச்சரிக்கை: மலைத்தேனீ அடையைப் பார்த்தா சத்தம், சென்ட், செல்ஃபி மூணுக்கும் தடா. கல் எறியிற ஃப்ரெண்டை வீட்டிலேயே விட்டுட்டு வாங்க.

மறக்காம: திரும்பும்போது கால் கிலோ பால்கோவா. தேனீக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனாலும் வாங்காம ஊர் திரும்பினா ஹாஸ்டலில் விடமாட்டாங்க!